தென் கரோலினா பிரிந்தது என்றால், பிரிந்தது யார்?

உலக வரலாற்றுப் புத்தகங்களில் ஒரே வரியாக வரும் செய்தி இது: 1860 டிசம்பர் 20 அன்று தென் கரோலினா மாநிலம் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்தது. பின்னாலேயே இன்னும் பத்து மாநிலங்கள் பிரிந்தன, நான்கு வருடம் போர் நடந்தது, அடிமை முறை ஒழிந்தது. படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் போயிருக்கிறேன்.

ஒரு நாள் 1860-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்க நேர்ந்தது. தென் கரோலினாவில் அப்போது மொத்தம் 7,03,708 பேர். அதில் அடிமைகள் 4,02,406 பேர். நூற்றுக்கு 57 பேர் இன்னொருவரின் சொத்து. அடிமையாக இல்லாத கறுப்பின மக்கள் ஒரு பத்தாயிரம் பேர் இருந்தார்கள், அவர்களுக்கும் வாக்கு கிடையாது. பிரிவதென்று முடிவெடுத்த மாநாட்டில் உட்கார்ந்தவர்கள் 169 பேர். எல்லோரும் வெள்ளை ஆண்கள், பெரும்பாலோர் அடிமை வைத்திருந்தவர்கள். அந்த 169 பேரும் ஒருமனதாகக் கை தூக்கினார்கள். அப்படியானால் "தென் கரோலினா பிரிந்தது" என்ற வாக்கியத்துக்கு எழுவாய் யார்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் பிரிவினை, போர், போருக்குப் பின் வந்த காலம் எல்லாமே வேறு மாதிரித் தெரிகின்றன. புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு அந்த வழியிலேயே சொல்லப் பார்க்கிறேன்.

நெல் விளைந்த கதை

அமெரிக்க அடிமை முறை என்றதும் நமக்குப் பருத்திதான் ஞாபகம் வரும். தென் கரோலினாவின் கடலோரத்தை முதலில் பணக்காரப் பூமியாக்கியது நெல். கடலை ஒட்டிய ஆறுகளில் ஓதம் (கடல் நீர்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) ஏறும்போது, உப்பு நீருக்கு மேலாக நல்ல நீரும் எதிர்த்திசையில் ஏறி வரும். அந்த நீரை வயலுக்குள் விட்டு, தேவையான நாள் நிறுத்தி, ஓதம் வற்றும்போது வடித்துவிடுவார்கள். இதற்காகச் சதுப்பில் நின்ற சைப்ரஸ் மரங்களை வெட்டி, மைல் கணக்கில் கரை எழுப்பி, வாய்க்கால் தோண்டி, மரத்தில் மதகு வைத்தார்கள். எல்லாம் அடிமைகளின் உழைப்பு. இடுப்பளவு சேற்றில், மண்வெட்டியும் கூடையும்தான் கருவி.

நெல் விவசாயம் தெரிந்த மேற்கு ஆப்பிரிக்கப் பகுதிகளிலிருந்து நிறையப் பேர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். உரலில் உலக்கையால் குத்துவதும், அகலமான புல் கூடையில் போட்டுக் காற்றில் புடைப்பதும் அங்கிருந்து வந்த பழக்கம். அந்தக் கூடைகளை இன்றைக்கும் சார்ல்ஸ்டன் நகரத் தெருவோரங்களில் முடைந்து விற்கிறார்கள். நம் வீட்டு முறத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூடை எதற்கு என்று யாரும் சொல்லித் தர வேண்டாம்.

மலேரியா பரவும் கோடைக் காலத்தில் பண்ணையார்கள் குடும்பத்தோடு சார்ல்ஸ்டனுக்குப் போய்விடுவார்கள். அடிமைகள் சேற்றிலேயே இருப்பார்கள். பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் பெரியவர்களாகும் முன்பே இறந்த நெல் பண்ணைகள் உண்டு.

1708-லேயே இந்தக் காலனியில் வெள்ளையரை விடக் கறுப்பினத்தவர் அதிகம். ஆள்பவர்கள் சிறுபான்மை, அடிமைகள் பெரும்பான்மை என்றால் ஆள்பவர்களுக்குத் தூக்கம் வராது. 1739-ல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் ஆயுதம் எடுத்தார்கள். அடுத்த வருடமே, அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது குற்றம் என்று சட்டம் வந்தது. 1822-ல் டென்மார்க் வெசி என்பவர் மாட்டிக்கொண்டார். சார்ல்ஸ்டனில் தச்சு வேலை செய்தவர், லாட்டரியில் விழுந்த பணத்தில் தன் விடுதலையை விலை கொடுத்து வாங்கியவர். கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகச் சொல்லி அவரையும் சேர்த்து 35 பேரைத் தூக்கில் போட்டார்கள். அவர் போய்வந்த கறுப்பின தேவாலயத்தை இடித்தார்கள். அந்தத் தேவாலயத்தைக் கடைசியில் மறுபடி பார்ப்போம்.

பிரிவினை என்றால் என்ன?

சட்டப்படி அவர்கள் சொன்ன வாதம் எளிமையானது. மாநிலங்கள் தாமாக விரும்பிச் சேர்ந்து உண்டாக்கியதுதான் ஒன்றியம். சேரும் உரிமை இருந்தால் விலகும் உரிமையும் இருக்கிறது. 1788-ல் அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு தீர்மானம் போட்டோம், அதை இப்போது ரத்து செய்கிறோம். அவ்வளவுதான். பிரிவினைத் தீர்மானமே சில வரிகள்தான்.

எதிர்த் தரப்பின் வாதம், ஒன்றியம் நிரந்தரமானது, ஒரு மாநிலம் தன்னிச்சையாக அதைக் கலைக்க முடியாது என்பது. ஆபிரகாம் லிங்கன் அதைத்தான் சொன்னார். அரசியல் சட்டத்தில் பிரிவதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. போர் முடிந்து நான்கு வருடம் கழித்து, 1869-ல், ஒருதலையாகப் பிரிவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

சரி, ஏன் பிரிந்தார்கள்? இன்றைக்கும் சிலர் "மாநில உரிமைக்காக" என்பார்கள், "வரிக்காக" என்பார்கள். இறக்குமதி வரிச் சண்டை ஒன்று உண்மையிலேயே நடந்தது. 1832-ல், ஒன்றிய அரசின் வரிச் சட்டம் எங்கள் எல்லைக்குள் செல்லாது என்று இதே தென் கரோலினா அறிவித்தது. அடுத்த வருடம் சமரசமும் ஆகிவிட்டது. 1860 கதை வேறு. பிரிவதற்கான காரணங்களை அவர்களே விளக்கமாக எழுதி டிசம்பர் 24 அன்று வெளியிட்டார்கள். யாருக்காவது சந்தேகம் இருந்தால் அந்த அறிக்கையைத் தேடிப் படிக்க வேண்டும், சில பக்கங்கள்தான். ஓடிப்போன அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் திருப்பித் தருவதில்லை என்பது முதல் குறை. சில மாநிலங்கள் கறுப்பினத்தவருக்குக் குடியுரிமை தருகின்றன என்பது இன்னொரு குறை. அடிமை முறைக்கு எதிரான கருத்துடைய ஒருவர் ஜனாதிபதியாகப் போகிறார் என்பது கடைசி அடி. வட மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் தங்கள் சட்டப்படி நடந்துகொண்டதைத்தான் இவர்கள் குற்றம் என்கிறார்கள். மாநில உரிமைதான் நோக்கம் என்றால் இந்தப் புகாருக்கு இடமே இல்லை.

இத்தனைக்கும் லிங்கன், இருக்கிற இடத்தில் அடிமை முறையை ஒழிப்பேன் என்று அப்போது சொல்லவில்லை. மேற்கே உள்ள புதிய பிரதேசங்களுக்கு அது பரவக் கூடாது என்றார். அதுவே போதுமானதாக இருந்தது. தென் கரோலினாவில் ஜனாதிபதித் தேர்தலுக்கு மக்கள் வாக்கே கிடையாது, சட்டசபைதான் தேர்வாளர்களை நியமிக்கும். அப்படிப்பட்ட மாநிலம், தேர்தலில் வேறு மாநிலங்கள் ஜெயித்துவிட்டன என்று சொல்லி வெளியேறியது.

மாநாடு முதலில் தலைநகர் கொலம்பியாவில் கூடியது. ஊரில் பெரியம்மை பரவுகிறது என்று சார்ல்ஸ்டனுக்கு இடம் மாற்றினார்கள். டிசம்பர் 20 இரவு கையெழுத்துப் போட்டு முடித்ததும் தெருவெல்லாம் மணியோசை, வாணவேடிக்கை. அந்தத் தெருக்களில் விளக்கேற்றியவர்களும் குதிரை பிடித்தவர்களும் சமையல் செய்தவர்களும் அன்றைய இரவைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று யாரும் குறித்துவைக்கவில்லை.

1861 ஏப்ரல் 12 விடியற்காலை நாலரை மணிக்கு, சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலில் ஒன்றியப் படை இருந்த சம்டர் கோட்டை மேல் பீரங்கி வெடித்தது. 34 மணி நேரம் சுட்டார்கள். அந்தச் சண்டையில் ஒருவரும் சாகவில்லை. அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களை வாங்கிய போர் இப்படித்தான் ஆரம்பித்தது. அடிமை முறை இருந்த மாநிலங்கள் எல்லாமே பிரியவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மிசௌரி, கென்டக்கி, மேரிலாந்து, டெலாவேர் நான்கும் ஒன்றியத்திலேயே இருந்தன.

ஒரே போர், இரண்டு அனுபவம்

வெள்ளைத் தென் கரோலினாவுக்கு இந்தப் போர் பெரும் இழப்பு. சுமார் 60,000 ஆண்கள் போருக்குப் போனார்கள். 18,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. அதிலும் ஏழை விவசாயிகளின் குமுறல் தனி. 20 அடிமைகளோ அதற்கு மேலோ உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளை ஆண் போருக்குப் போகாமல் வீட்டில் இருக்கலாம் என்று 1862-ல், பிரிந்த தென் மாநிலங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு ஒரு விலக்குக் கொடுத்தது. பணக்காரனின் போர், ஏழையின் சண்டை என்று சாதாரணச் சிப்பாய்கள் பேசிக்கொண்டார்கள். 1865 பிப்ரவரி 17 இரவு, ஒன்றியத்தின் ஜெனரல் ஷெர்மனின் படை நுழைந்த கொலம்பியா நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு எரிந்து போனது. தெருவில் கிடந்த பருத்திப் பொதிகள், பலத்த காற்று, குடித்திருந்த சிப்பாய்கள் என்று பல காரணம் சொல்வார்கள், சர்ச்சை இன்னும் ஓயவில்லை. வீடு எரிந்தவர்களின் துயரம் நிஜம்தான்.

நூற்றுக்கு 57 பேராக இருந்த அடிமைகளின் போர் அதற்கு மூன்று வருடம் முன்பே திசை மாறிவிட்டது. 1861 நவம்பர் 7 அன்று ஒன்றியக் கடற்படை போர்ட் ராயல் துறையில் நுழைந்தது. பியூஃபர்ட் நகரத்திலும் சுற்றியிருந்த தீவுகளிலும் இருந்த பண்ணையார்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். அடிமைகளையும் கூட வரச் சொன்னார்கள். பெரும்பாலோர் வயலிலும் காட்டிலும் ஒளிந்துகொண்டு, படகுகள் போனதும் வெளியே வந்தார்கள். ஏறக்குறைய 10,000 பேர். அவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, பருத்திக் கொட்டை பிரிக்கும் எந்திரங்களை உடைத்தது. அப்புறம் சோளம் விதைத்தார்கள். வடக்கேயிருந்து வந்த அதிகாரிகளுக்கு இது புரியவில்லை, பருத்தி போட்டால்தானே காசு என்று வற்புறுத்தினார்கள். பருத்தி எஜமானனுக்கு, சோளம் பிள்ளைகளுக்கு என்பது அந்த மக்களுக்கு நன்றாகத் தெரியும். (அந்தப் பருத்தி உலகச் சந்தைக்கு வராததால் இந்தியப் பருத்திக்கு விலை எகிறியது. நம் திருநெல்வேலிப் பருத்தியும் தூத்துக்குடி வழியாக அந்த வருடங்களில் நல்ல விலைக்குப் போனது.)

செயின்ட் ஹெலினா தீவில் 1862-ல் பென் பள்ளி தொடங்கியது. தாத்தாவும் பேரனும் ஒரே பலகையில் எழுத்துக் கூட்டினார்கள். அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது நூறு வருடத்துக்கு மேலாகக் குற்றமாக இருந்த மண் அது.

இங்கே ராபர்ட் ஸ்மால்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1839-ல் பியூஃபர்டில் ஒரு வீட்டின் பின்கட்டில், அடிமைக் குடிசையில் பிறந்தவர். 12 வயதில் அவரைச் சார்ல்ஸ்டனுக்குக் கூலிக்கு அனுப்பினார்கள். சம்பாதிப்பதில் பெரும்பகுதி எஜமானருக்கு, கொஞ்சம் இவருக்கு. விளக்கேற்றுவது, துறைமுகத்தில் சரக்கு ஏற்றுவது, பாய்மரம் கட்டுவது என்று எல்லா வேலையும் செய்தார். மனைவியையும் மகளையும் விலைக்கு வாங்கி விடுவிக்கக் கேட்டபோது 800 டாலர் என்றார்கள். அவர் சேர்த்து வைத்திருந்தது 100.

போர் வந்ததும் 'பிளான்டர்' என்ற கூட்டமைப்புப் படைக் கப்பலில் சுக்கான் பிடித்தார். மாலுமித் தலைவனின் வேலைதான் செய்தார், ஆனால் அந்தப் பெயர் கறுப்பினத்தவருக்குக் கிடையாது. 1862 மே 12 இரவு, வெள்ளை அதிகாரிகள் மூவரும் கப்பலை விட்டுக் கரையில் தங்கப் போனார்கள். விடியலுக்கு முன் ஸ்மால்ஸ் நீராவி ஏற்றினார். வேறொரு துறையில் காத்திருந்த மனைவி, பிள்ளைகள், மற்றவர்களின் குடும்பங்களை ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவரைப் போலவே கையை மார்பில் கட்டி நின்றார். ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் எந்த ஊதலை எப்படி ஊத வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். கடைசிக் கோட்டை, சம்டர். அதையும் நாலரை மணி வாக்கில் ஊதிக்கொண்டே கடந்தார். பீரங்கி எட்டாத தூரம் போனதும் கூட்டமைப்புக் கொடியை இறக்கி, கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார். எதிரே நின்ற ஒன்றியப் போர்க்கப்பல் சுடுவதற்குத் தயாராக இருந்தது, விரிப்பு கண்ணில் பட்டதால் நிறுத்தினார்கள். பிடிபட்டிருந்தால் கப்பலையே வெடிக்கவைத்துச் சாவது என்று முன்னமே பேசி வைத்திருந்தார்கள். கப்பலோடும் பீரங்கிகளோடும் 16 பேர் விடுதலையானார்கள். ஸ்மால்ஸுக்கு அப்போது வயது 23.

1863 ஜனவரி 1 அன்று, பியூஃபர்டுக்குப் பக்கத்தில் இருந்த முகாமில், ஓக் மரங்களின் அடியில் லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தை வாசித்தார்கள். முன்பு அடிமைகளாக இருந்தவர்களைக் கொண்டு அமைத்த படைப்பிரிவுக்கு அன்று கொடி கொடுத்தார்கள். கொடி கைமாறியதும், யாரும் சொல்லாமல், கூட்டத்திலிருந்து ஒரு கிழவரின் குரல் தேசபக்திப் பாடல் ஒன்றைப் பாட ஆரம்பித்தது. இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், பிறகு எல்லோரும். மேடையில் இருந்த வெள்ளையர்களும் கூடப் பாடத் தொடங்கியபோது படைத்தலைவர் கர்னல் ஹிக்கின்சன் அவர்களை அமர்த்தினார். "என் நாடு" என்று சொல்லும் உரிமை அன்றுதான் அவர்களுக்கு வந்தது, அவர்களே பாடட்டும் என்று விட்டார்.

அந்த வருடம் ஜூன் 2 அன்று, மேரிலாந்தில் அடிமையாக இருந்து தப்பிய ஹாரியட் டப்மன், கறுப்பினச் சிப்பாய்களோடு கம்பாகி ஆற்றில் படகுகளை வழிநடத்திப் போனார். இரு கரையும் நெல் பண்ணைகள். படகின் ஊதல் கேட்டதும் வயலில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். ஒரு பெண் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சோற்றுப் பாத்திரத்தை ஆவி பறக்கத் தலையில் வைத்துக்கொண்டு, முதுகில் குழந்தை தொங்க ஓடி வந்ததைப் பின்னாளில் டப்மன் சொல்லியிருக்கிறார். ஒரே நாளில் 750 பேருக்கு மேல் விடுதலையானார்கள். திரும்பும்போது படகில் அந்தச் சோறு இருந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்கும்.

1865 பிப்ரவரி 18 அன்று சார்ல்ஸ்டன் விழுந்தது. முதலில் நுழைந்த படைகளில் ஒன்று கறுப்பினச் சிப்பாய்களின் படை. மார்ச் மாதம் கறுப்பின மக்கள் ஒரு பெரிய ஊர்வலம் போனார்கள். அதில் ஒரு வண்டியில் சவப்பெட்டி, "அடிமை முறை செத்தது" என்ற எழுத்தோடு.

நிலம்

போருக்குப் பிந்தைய பன்னிரண்டு வருடத்தை வரலாற்றில் மறுகட்டமைப்புக் காலம் என்பார்கள். தோற்ற மாநிலங்களை மறுபடி ஒன்றியத்தில் சேர்ப்பது எப்படி, விடுதலையானவர்களின் நிலை என்ன என்ற இரண்டு கேள்வியும் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் மூன்றாவதாக ஒரு கேள்விதான் முக்கியம். நிலம் யாருக்கு?

1865 ஜனவரியில், ஷெர்மன் கறுப்பின மதகுருமார்கள் 20 பேரைச் சவானா நகரத்தில் சந்தித்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நிலம் வேண்டும், எங்கள் உழைப்பில் நாங்களே விளைவித்துக்கொள்வோம் என்றார்கள். நான்கு நாளில் உத்தரவு வந்தது. சார்ல்ஸ்டனிலிருந்து ஃபுளோரிடா வரை, கடலோரமாக 30 மைல் உள்வாங்கி, பண்ணையார்கள் விட்டுப்போன நிலம் முழுக்கக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. அந்தக் கோடையில் சுமார் 40,000 பேர் குடியேறி விதைத்தார்கள்.

ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய பண்ணையார்களுக்கு மன்னிப்புக் கொடுத்து நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். இந்தச் செய்தியைச் சொல்ல 1865 அக்டோபரில் ஜெனரல் ஆலிவர் ஹோவர்ட் எடிஸ்டோ தீவுக்குப் போனார். விடுதலையானவர்களின் நலத்துக்காக அமைத்த துறையின் தலைவர் அவர், அந்த மக்கள் மேல் பரிவு உள்ளவர். தேவாலயத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. அவரால் பேச முடியவில்லை, பாட்டுத்தான் எழுந்தது. பண்ணையார்களை மன்னித்து அவர்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள் என்று கடைசியில் சொன்னார்.

தீவு மக்களில் மூன்று பேர் கொண்ட குழு அவருக்குப் பதில் எழுதியது. அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. போரில் ஹோவர்ட் தன் வலது கையை இழந்தவர். அதைக் குறிப்பிட்டு, நீங்கள் இழந்தது ஒரு கைதான், நீங்கள் மன்னிக்கலாம் என்கிறார்கள். என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவன், என் அம்மாவையும் தங்கையையும் உடை களைந்து அடித்தவன், தன் காலிக் குடிசையில் நான் தங்க வேண்டுமானால் அவன் சொன்ன கூலிக்கு அவன் நிலத்தில் உழைக்க வேண்டும் என்பவன், அவனை நான் எப்படி மன்னிப்பது என்று கேட்கிறார்கள். நிலம் போனது. விளைச்சலை எடுத்துக்கொண்டு சிலர் கிளம்பினார்கள், சிலர் கூலிக்கு ஒப்புக்கொண்டார்கள், மறுத்தவர்களைப் படை வந்து அப்புறப்படுத்தியது.

பக்கத்திலேயே செயின்ட் ஹெலினா தீவில் கதை வேறாக இருந்தது. வரி கட்டாத பண்ணைகளைப் போர்க் காலத்திலேயே ஒன்றிய அரசு ஏலம் விட்டிருந்தது. அங்கே காசு கொடுத்துத் துண்டு துண்டாக வாங்கிய கறுப்பினக் குடும்பங்களிடம் பத்திரம் இருந்தது. அந்த நிலத்தை யாரும் பிடுங்க முடியவில்லை. ராபர்ட் ஸ்மால்ஸும் அப்படித்தான், கப்பலுக்காகக் கிடைத்த பரிசுப் பணம் கையில் இருந்தபோது, தான் எந்த வீட்டின் பின்கட்டில் பிறந்தாரோ அந்த எஜமானரின் வீட்டையே ஏலத்தில் வாங்கினார்.

1865 டிசம்பரில் மாநில சட்டசபை, வெள்ளையர் மட்டுமே இருந்த சபை, கறுப்பினத்தவருக்கென்று தனிச் சட்டங்கள் போட்டது. வேலை ஒப்பந்தத்தில் ஒருவர் "எஜமான்", மற்றவர் "வேலைக்காரன்" என்றே எழுதினார்கள். விவசாயக் கூலி, வீட்டு வேலை தவிர வேறு தொழில் செய்ய விரும்பும் கறுப்பினத்தவர் வருடா வருடம் 10 முதல் 100 டாலர் வரை கட்டி அனுமதி வாங்க வேண்டும். ராணுவ அதிகாரி தலையிட்டு அந்தச் சட்டங்களை நிறுத்தினார். ஆனால் பழைய ஆட்கள் கையில் மாநிலம் திரும்பினால் என்ன நடக்கும் என்று வடக்குக்குப் புரிந்தது. 1867-ல் நாடாளுமன்றம் கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை கொடுத்துப் புதிய அரசியல் சட்டம் எழுதச் சொன்னது.

எட்டுப் பெட்டி

1868-ல் சார்ல்ஸ்டனில் கூடிய மாநாட்டில் 124 பிரதிநிதிகள், பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். ஏழு எட்டு வருடத்துக்கு முன் அதே நகரத்தில் 169 பேர் கூடியதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பொதுப் பள்ளி என்றார்கள், அதற்காகத் தீர்மானம் கொண்டுவந்தவர்களில் ஸ்மால்ஸ் ஒருவர். சொத்து இருந்தால்தான் பதவி என்பதை எடுத்தார்கள். கடனுக்காகச் சிறையில் போடுவதை நிறுத்தினார்கள். ஏழை வெள்ளையர்களுக்கும் இதில் எவ்வளவோ கிடைத்தது. சட்டசபையின் கீழவையில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை ஆனார்கள். 1870-ல் ஜோசஃப் ரெய்னி, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்த முதல் கறுப்பின உறுப்பினரானார். நிலம் வாங்கித் தவணையில் கொடுக்க ஒரு ஆணையம் வந்தது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பயன் பெற்றன. 1873-ல் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் சேர்ந்தார்கள். ஊழலும் இருந்தது, நில ஆணையத்திலேயே இருந்தது, மறைப்பதற்கில்லை. ஆனால் பின்னாளில் எழுதியவர்கள் அந்த ஊழலை மட்டும் வைத்து முழுக் காலத்தையும் எழுதிவிட்டார்கள்.

வன்முறை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் மேட்டுப் பகுதி மாவட்டங்களில் நடத்திய கொலைகளால், 1871-ல் ஜனாதிபதி கிரான்ட் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை (கைதானவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் உரிமை) நிறுத்திவைத்துப் படை அனுப்பினார். 1876 ஜூலையில் ஹாம்பர்க் என்ற ஊரில், பிடிபட்டு நிராயுதபாணியாக இருந்த கறுப்பினக் காவல்படையினரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சுட்டார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. அந்த வருடத் தேர்தலில், கூட்டமைப்பின் முன்னாள் ஜெனரல் வேட் ஹாம்ப்டனுக்காகச் சிவப்புச் சட்டைக்காரர்கள் என்ற வெள்ளையர் கும்பல்கள் துப்பாக்கியோடு ஊர் ஊராகக் குதிரையில் வந்தன. இரண்டு தரப்பும் ஜெயித்ததாகச் சொல்லி மாதக் கணக்கில் கொலம்பியாவில் இரண்டு அரசு நடந்தது. 1877 ஏப்ரலில் புதிய ஜனாதிபதி ஹேய்ஸ் படையை விலக்கினார். மறுகட்டமைப்பு அத்தோடு முடிந்தது.

வாக்குரிமை காகிதத்தில் அப்படியே இருந்தது. அதை எப்படிப் பறித்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1882-ல் ஒரு சட்டம். ஒவ்வொரு பதவிக்கும் தனி வாக்குப் பெட்டி, எட்டுப் பெட்டி. ஆளுநருக்கான சீட்டு ஆளுநர் பெட்டியில்தான் விழ வேண்டும், தவறான பெட்டியில் விழுந்தால் செல்லாது. பெட்டி மேல் பெயர் எழுதியிருக்கும், படிக்கத் தெரிந்தவன் போடலாம். படிப்பைக் குற்றமாக்கி வைத்திருந்தவர்களின் பிள்ளைகள்தான் இதைச் சட்டமாக்கினார்கள். யாராவது பெட்டி வரிசையை மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தால், வாக்குச்சாவடியில் பெட்டிகளை இடம் மாற்றி வைத்துவிடுவார்கள்.

வயலில் வேறு பூட்டு. நிலம் இல்லாதவர்கள் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரமுறையில் உழுதார்கள். விதைக்கும் உணவுக்கும் கடைக்காரரிடம் கடன், வரப்போகும் விளைச்சலே அடமானம். அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்த்தால் இன்னும் பாக்கி இருக்கும். கணக்கு நோட்டு கடைக்காரர் கையில். வாரக் குத்தகையும் கந்துவட்டியும் தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

1895-ல் வாக்குரிமையை முழுதாக அடைக்கவே ஒரு அரசியல் சட்ட மாநாட்டைக் கூட்டினார்கள். அதன் பின்னால் இருந்தவர் பென் டில்மன், ஹாம்பர்கில் கொன்ற கும்பலில் தானும் இருந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர். தலைவரி, அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்து அதிகாரிக்குத் திருப்தியாகப் பொருள் சொல்வது, சொத்துத் தகுதி என்று வரிசையாக வைத்தார்கள். 160 பிரதிநிதிகளில் ஆறு பேர் கறுப்பினத்தவர், ஐந்து பேர் பியூஃபர்டிலிருந்து வந்தவர்கள். அதில் ஒருவர் ஸ்மால்ஸ், இப்போது 56 வயது. என் இனத்துக்காகத் தனியாக வாதாடத் தேவையில்லை, மற்ற எவருக்கும் தாழ்ந்தவர்கள் இல்லை என்பதை எங்கள் கடந்த காலம் காட்டும், வாழ்க்கைப் போரில் சம வாய்ப்பு மட்டும் கொடுங்கள் என்று பேசினார். சட்டம் நிறைவேறியது. தென் கரோலினாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு 1897-க்குப் பிறகு ஒரு கறுப்பின உறுப்பினர் போக 1993 வரை ஆனது. லட்சக்கணக்கானோர் வடக்கே ரயில் ஏறினார்கள். 1930 கணக்கெடுப்பில் மாநிலத்தில் வெள்ளையர் பெரும்பான்மையாகிவிட்டார்கள்.

போர் நூற்றாண்டு விழாவின்போது, 1961-ல், கூட்டமைப்பின் போர்க்கொடி மாநிலச் சட்டசபைக் கட்டடத்தில் ஏறியது. கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டம் வலுத்த நேரம் அது. 2000-ல் அதைக் கூரையிலிருந்து இறக்கி, வளாகத்திலேயே ஒரு கம்பத்தில் வைத்தார்கள். 2015 ஜூன் 17 இரவு, சார்ல்ஸ்டன் இமானுவேல் தேவாலயத்தில் வேத வகுப்புக்கு வந்திருந்த ஒன்பது கறுப்பினத்தவரை ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக் கொன்றான். 1822-ல் இடித்தார்களே, டென்மார்க் வெசி போய்வந்த தேவாலயம், அதன் வழியில் வந்ததுதான் இது. அந்த ஜூலை 10 அன்று கொடியை இறக்கினார்கள். டில்மனின் சிலை இன்னும் அந்த வளாகத்தில் நிற்கிறது.

பியூஃபர்டுக்குப் போகும் நெடுஞ்சாலை கம்பாகி ஆற்றை ஒரு பாலத்தில் கடக்கிறது. பாலத்துக்கு ஹாரியட் டப்மனின் பெயர். அந்த ஆற்றோரங்களில் பழைய நெல் வயல்களின் கரைகள் புல் மண்டிக் கிடக்கின்றன, வாய்க்கால்கள் நேர்கோடாக ஓடுகின்றன. நெல் போய் நூறு வருடம் ஆகிவிட்டது. ஓதம் மட்டும் அந்த வாய்க்கால்களில் தினம் இரண்டு வேளை ஏறி இறங்குகிறது.